கொழுப்பு ஒரு நாள் 4.1, மறுநாள் 3.2: காரணம் கறவையில் இருக்கலாம்

வத்தளையில் மூன்று மாடு வைத்திருக்கிறீர்கள், பால் எடுக்கும் இடத்தில் கொழுப்பு ஒரு நாள் 4.1, மறுநாள் 3.2 சதவீதம் என்று எழுதி விலையைக் குறைக்கிறார்கள், ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுகிறீர்களா?

மடியில் முதலில் வருவது தண்ணிப் பால். கொழுப்பு கடைசியில்தான் இறங்கும். ஒரு நாள் ஒட்டக் கறந்து, மறுநாள் பாதியில் கன்றை அவிழ்த்துவிட்டால் இப்படித்தான் ஆடும். நானும் மட்டக்குளியில் இதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் வீணாக்கினேன். கன்றுக்கு முதலிலேயே ஒரு காம்பை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், ஒரு கொப்பியில் மாட்டுக்கு மாடு, காலை வேறு மாலை வேறாக எழுதுங்கள். லீற்றரில் வேண்டாம், நுரை ஏமாற்றும். தராசில் கிலோவாக நிறுங்கள். மாதிரி எடுக்குமுன் கேனை அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும், இதை அவர்கள் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பாலின் அடர்த்தி பார்க்கும் பால்மானியைச் சூட்டுப் பாலில் விட்டால் அடர்த்தியைக் குறைத்தே காட்டும், நம் கொழும்பு வெயிலில் இன்னும் மோசம். பால் ஆறட்டும்.

பத்து நாள் எழுதிவிட்டு, கொப்பியோடு போய்ப் பேசுங்கள்.