பழமையான தோட்டங்களுக்கு இன்னும் கூடுதலான மக்களை எப்படி வரவழைக்கலாம்?

கேள்வி கேட்டவர் பழைய தோட்டம் ஒன்றைப் பராமரிக்கும் குழுவில் இருப்பதாக எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தோட்டம், நன்றாகத்தான் வைத்திருக்கிறோம், ஆனாலும் ஆட்கள் குறைவு, வருகிறவர்களும் அரை மணித்தியாலம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்கிறார். எனக்குத் தோட்டக்கலை தெரியாது. நான் கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிறேன். அநேகமாக ஒவ்வொரு வருடமும் பஸ் பிடித்துப் பிள்ளைகளைத் தெற்கே கூட்டிக்கொண்டு போகிறவள். அதனால் வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் படித்த காலத்தில், வடக்கைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டிக் கிடந்தது. 1990 இல் பூட்டி, 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் திரும்பவும் பூட்டி, யுத்தம் முடிந்த பிறகுதான் ஒழுங்காகத் திறந்தார்கள். கண்டிப் பக்கம் இருக்கிற பேராதனைத் தாவரவியற் பூங்கா எங்களுக்குப் புத்தகத்தில் இருந்த ஒரு சொல், அவ்வளவுதான். நான் அதை முதன்முதலில் பார்த்தது ஆசிரியையாக, என் மாணவர்களோடு சேர்ந்து, அவர்களைப் போலவே வாயைத் திறந்துகொண்டு. ஆகவே ‘மக்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆர்வம் இருக்கிறது, அதிலும் தூரத்து ஊர்களில் நிறைய இருக்கிறது.

சரி, வாசலுக்கு வருவோம். எங்கள் வன்னியில் இருந்து கண்டிக்குப் போகிற சுற்றுலா பஸ் இரவு பத்து, பதினொரு மணிக்கு வெளிக்கிடும். வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று ஓடி விடியற்காலை நாலரை, ஐந்துக்கு மலைநாட்டில் போய் நிற்கும். தோட்டம் திறப்பதற்கு இன்னும் இரண்டு, மூன்று மணித்தியாலம் இருக்கும். பஸ்ஸுக்குள் ஐம்பது பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள், முகம் கழுவவேண்டும், மலசலகூடம் போகவேண்டும், ஒரு பிள்ளைக்கு அன்றைக்கென்று மாதவிடாய் வந்திருக்கும். ஒரு முறை ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) கேட்டுக்கு வெளியே இரண்டரை மணித்தியாலம் பனிக்குள் நின்றோம். மலசலகூடம் கேட்டுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். திறக்க அனுமதி இல்லை என்று காவலாளி சொன்னார், அவரிலும் பிழை இல்லை. திரும்பி வந்து சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். அந்தத் தோட்டத்தின் பூக்களைப் பற்றி எழுதியவர்கள் மூன்று, நான்கு பேர். அந்தக் கேட்டைப் பற்றி அநேகமாக எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

ஆகவே என் முதல் யோசனை மிகச் சாதாரணமானது. ரிக்கற் எடுக்கிற இடத்துக்கு வெளியே ஒரு மலசலகூடம், நாலு தண்ணீர்க் குழாய், மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை, விடிய ஐந்து மணிக்குத் திறக்க ஒரு ஆள். அப்புறம் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலை இருந்து சாப்பிட ஓரிடம், குப்பை போட ஓரிடம். நீங்களே ஒரு கிழமை வாசலில் நின்று, தூரத்துப் பஸ்கள் எத்தனை மணிக்கு வந்து சேருகின்றன என்று பாருங்கள்.

இது புதுப் புத்தி இல்லை. இங்கிலாந்தில் ஸ்டோ என்று ஒரு பேர்பெற்ற தோட்டம் இருக்கிறது. அதை உருவாக்கிய கொபம் பிரபு, வருகிறவர்கள் தங்கவும் சாப்பிடவும் என்று 1717 இலேயே வாசல் பக்கம் ஒரு சத்திரம் கட்டிவிட்டார். 1744 இல் பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் அந்தத் தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்பே சத்திரம் ஒன்று, கதை சொல்ல வழி ஒன்று. அந்தச் சத்திரத்தைத் திருத்தி எடுத்திருக்கிறார்கள், இப்போதும் வருகிறவர்கள் அதன் வழியாகத்தான் தோட்டத்துக்குள் போகிறார்கள்.

கதை சொல்லுவதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. பேராதனையில் 1901 இல் நட்ட ஒரு மரம் உண்டு. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் இளவரசராக வந்தபோது மனைவியோடு நட்டது. பீரங்கிக் குண்டு போல உருண்டைக் காய்கள் மரத்தோடு ஒட்டித் தொங்கும். ராஜா நட்ட மரம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன், அவர்களும் சரி ரீச்சர் என்று கேட்டுவிட்டு நடந்தார்கள். பின்னால் வந்த ஒருத்தி கீழே விழுந்து கிடந்த பூவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ரீச்சர், இது எங்கட கோயில் நாகலிங்கப் பூ!” என்று கத்தினாள். அவ்வளவுதான், முன்னே போன கூட்டம் முழுக்கத் திரும்பி வந்தது. பூவை உள்ளங்கையில் வைத்து, நடுவில் லிங்கம், மேலே படம் எடுத்த பாம்பு என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு சிங்களக் குடும்பத்து அம்மா, தங்கள் ஆட்கள் இதைச் ‘சல்’ என்று சொல்லிப் புத்தருக்கு வைப்பார்கள், நடுவில் இருப்பது தாகபை (பௌத்தத் தூபி) என்றார். மரமோ தென்னமெரிக்காவில் இருந்து வந்தது! ஒரு பூவில் அரை மணித்தியாலம் நின்றோம். ராஜாவைப் பற்றிய தகவலும் அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குள் இறங்கியது, யார் நட்டது, ஏன் வந்தவர் என்று அவர்களே கேட்டார்கள்.

அதனால் மரங்களுக்கு விஞ்ஞானப் பெயர் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சனங்கள் கூப்பிடுகிற பெயரையும் எழுதுங்கள், தமிழில், சிங்களத்தில், அந்த மரத்தால் என்ன செய்தார்கள் என்று ஒரு வரியோடு. தெரிந்த ஒன்றைக் கண்டால் ஆள் நிற்பான். நின்றால்தான் தெரியாததையும் பார்ப்பான்.

இதை எனக்கு முழுதாக விளங்க வைத்தவர் என் அப்பா. அவர் கமக்காரர், கமக்காரர் அமைப்பில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பைப் பல வருடம் பார்த்தவர். ஒரு மார்கழியில் அவரையும் சீகிரியாவுக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் வருத்தம், ஆயிரத்துச் சொச்சம் படி ஏறமுடியாது, கீழே இருந்து வானத்தைப் பார்க்கப்போகிறார் என்று எனக்குக் கவலை. சீகிரியா என்றால் எல்லோருக்கும் குன்றுதான். அதன் அடியில் ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் (477–495) காலத்தில் அமைத்த நீர்த்தோட்டத்தை வெறும் நடைபாதை மாதிரிக் கடந்து ஓடுவார்கள். நான் அவரை அந்தச் சிறிய நீரூற்றுகளுக்குப் பக்கத்தில் இருத்தினேன். தட்டையான சுண்ணக்கல்லில் வரிசையாகத் துளை, மழை பெய்து தண்ணீர் நிறைந்தால் அதற்குள்ளால் இன்றைக்கும் தண்ணீர் கொப்பளிக்கும். அன்றைக்கு மழை விட்ட நேரம்.

அப்பா சரத்தை மடித்துக் குந்தியிருந்து துளையை உள்ளங்கையால் பொத்தினார், கையை எடுத்தார், திரும்பவும் பொத்தினார். “பிள்ளை, இதுக்குத் தண்ணி எங்க நிக்குது?” என்றார். மேலே இருக்கிற தொட்டிகளில் இருந்து நிலத்துக்கு அடியால் வருகிறது, மோட்டர் ஒன்றும் இல்லை, உயர வித்தியாசம்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழும்பி, பொல்லை ஊன்றிக்கொண்டு, எந்தப் பக்கம் உயரம், எந்தப் பக்கம் பள்ளம் என்று நடந்து பார்த்தார். “துருசு வேலை தெரிஞ்சவன்தான் இதைச் செய்திருக்கிறான்” என்றார். துருசு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு. நாங்கள் மலை ஏறி இறங்கி வருகிறபோது, யாரோ இரண்டு இளம் பெடியன்களுக்கு அதைக் கையால் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்து குளக்கட்டில், தேநீர்க்கடையில், அமைப்புக் கூட்டத்தில் எல்லாம் இதே கதைதான். அடுத்த வருடம் பதினொரு கமக்காரர்கள் சொந்தக் காசில் வான் பிடித்துச் சீகிரியா போனார்கள், அதுவும் தண்ணீரைப் பார்க்க.

கமக்காரருக்குத் தண்ணீர், பிள்ளைகளுக்குக் கோயில் பூ. எங்கள் வயதான ஆட்களுக்கு, நுவரெலியாப் பக்கம் ஹக்கலைத் தாவரவியற் பூங்காவில் மலேரியாக் கதை. அந்தத் தோட்டத்தை 1861 இல் தொடங்கியதே சிங்கோனா வளர்த்துப் பார்க்கத்தான், அந்த மரப்பட்டையில் இருந்துதான் மலேரியாவுக்கு மருந்தான கொயினா வந்தது. வன்னியில் மலேரியா எத்தனை வீட்டைக் காலிசெய்தது என்று எங்கள் அம்மம்மாமார் சொல்லுவார்கள், அந்தக் காய்ச்சலுக்குப் பயந்தே இங்கே மாற்றலாகி வர மறுத்த உத்தியோகத்தர்கள் உண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 இல்தான். இதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டால், ரோசாப்பூப் பார்க்க வந்தவர்கள் இறங்கியதும் சிங்கோனா எங்கே என்றுதான் கேட்பார்கள். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும், அது யாருக்குச் சொந்தமான கதை என்று தேடுங்கள்.

காட்சிக்காகவே அமைத்த தோட்டம் என்றால் இன்னொரு விசயம் இருக்கிறது. பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கை, கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1948 இல் வாங்கிய பழைய றப்பர்த் தோட்டம். இருந்த இடத்தில் இருந்து தூரத்துத் தண்ணீர் தெரியவேண்டும் என்று நடுவில் இருந்த மேட்டையே வெட்டித் தணித்தார். அப்படிப்பட்ட தோட்டத்தில் எங்கே நின்று பார்க்கவேண்டும் என்று தெரியாதவனுக்கு அது வெறும் புல்லும் மரமும்தான். அதற்குப் பெரிய விளக்கப் பலகை நட்டுக் காட்சியை மறைக்கவேண்டாம், சரியான இடத்தில் இருக்கிறதுக்கு ஒரு வாங்கு (பெஞ்ச்) போடுங்கள். வாங்கைக் கண்டால் ஆள் இருப்பான், இருந்தால் முன்னால் பார்ப்பான்.

வாங்கு என்றதும் சொல்லவேண்டும். எங்கள் மாவட்டத்தில் கால் இழந்தவர் ஒருவராவது இல்லாத ஊர் குறைவு. ஒரு மாணவியின் தகப்பன் செயற்கைக் காலோடு எங்களுடன் வந்தார். எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், ஏற்றமா, இடையில் இருக்க இடம் உண்டா என்று வாசலில் கேட்டார். அந்தத் தோட்டத்தில் (இதன் பெயரும் வேண்டாம்) சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் தமிழில் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் போய்விட்டு வாங்கோ என்று மகளை அனுப்பிவிட்டு அவர் பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். பாதை முழுக்கக் கொங்கிறீட் போடச் சொல்லவில்லை, பழைய தோட்டத்தில் அது முடியாது, செய்யவும் கூடாது. வாசலில் ஒரு படம் வையுங்கள்: இந்தச் சுற்று 400 மீற்றர், படி இல்லை, வழியில் மூன்று வாங்கு. அந்தச் சுற்று 1 கிலோமீற்றர், 60 படி. இவ்வளவு எழுதியிருந்தால் அவர் தானே தீர்மானித்திருப்பார்.

கதை சொல்ல ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் பக்கத்துக்கு வெளியூர்ப் பள்ளிக்கூடங்கள் வந்தால் என் மாணவர்கள்தான் இரணைமடுக் குளக்கட்டில் கூட்டிப் போவார்கள், எது அலைகரை, எது வான் (மேலதிகத் தண்ணீர் வழிகிற இடம்), கரையில் ஏன் மருதமரம் நிற்கிறது என்று. இரண்டு நாள் பழக்கினால் போதும். மன்னாரில் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியிலும் இப்படி நாலு பிள்ளைகள் நின்றால் நன்றாக இருக்கும். சுற்றளவே 19 மீற்றர் வரும், ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லுவார்கள். சொல்ல ஆள் இல்லாவிட்டால் வந்தவர்கள் அதைச் சுற்றி ஒரு செல்பி எடுத்துவிட்டு ஏறிவிடுவார்கள்.

விளம்பரம் கடைசி. பேஸ்புக்கில் பூப்படம் போடுவதை விட, வருடக் கடைசியில் பாடசாலைகளுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். சுற்றுலாவுக்கு வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி எடுக்கிறபோது அதிபர்மாருக்கு வேண்டிய விபரங்கள் அதில் இருக்கட்டும்: மாணவர் கட்டணம், பஸ் நிறுத்துமிடம், மலசலகூடம் திறக்கும் நேரம், சாப்பிட இடம், தமிழில் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கம்.

உங்கள் தோட்டம் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. மரங்களின் பட்டியலைப் படத்தோடு அனுப்பினால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன். மாசிக்கு முன் அனுப்புங்கள், அதற்குப் பிறகு அப்பாவை வயலில் இருந்து பிடிக்கமுடியாது, அறுவடை தொடங்கிவிடும்.