மீன் வண்டி: லீஸா, கடனா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து மீன் ஏற்ற, மாதம் 48,000 ரூபாய்க்கு மூன்று வருட லீஸா, கடனில் சொந்த வண்டியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். லோடு நின்றாலும் வாடகை நிற்காது. வருடத்துக்கு 96,000 ரூபாய் சும்மா போகும். தடை இல்லாத நாட்டுப்படகு மீனுக்குச் சின்ன வண்டியே போதும். வாலிநோக்கம் உப்பளத்து உப்பு ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வண்டியின் மீன் பாக்ஸ் கெட்டுவிடும். கடன் தவணையும் நிற்காதுதான். ஆனால் அந்த இரண்டு மாதத்துக்குத் தவணையைக் குறைத்துப் போடச் சொல்லிக் கடன் வாங்கும்போதே கேட்டுப் பார்க்கலாம். லீஸில் அப்படிச் சலுகை சொன்னால் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது துரு. ஐஸ் தண்ணீரும் கடல்காற்றும் சேஸிஸையும் பிரேக் பைப்பையும் தின்றுவிடும். ஒப்பந்தத்தில் ‘வழக்கமான தேய்மானம்’ என்பதில் துருவும் அடங்குமா? அடங்காவிட்டால் லீஸுக்குக் கொடுத்தவர்கள் டெபாசிட்டில் கை வைப்பார்கள். வண்டி எடுக்கும் நாளிலேயே அடிப்பகுதியைப் படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்த வண்டியென்றால் இதே துரு விற்கும்போது விலையைக் குறைக்கும்.

ஆர்.சி. அவர்கள் பெயரில்தானே என்று இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 2(30)-ன்படி லீஸ் வண்டியைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர். பாலிசி காலாவதியாகி விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் தலையில்தான்.

வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் பதிவு செய்யாதவர் என்றால் அது திரும்பாது.

பத்து மாத லோடு உறுதி என்றால் சொந்த வண்டி. இல்லையென்றால், பாதியில் விடுவதற்கான அபராதத்தைப் பேசி முடித்த பிறகே லீஸ்.