ஸ்கேன் எடுத்தாச்சு, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஒன்றரை மாதம் இருக்கு!

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 36. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். போன மாதம் கம்பெனியில் துணிக்கட்டைத் தூக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. இப்போது இடது பிட்டத்தில் ஆரம்பித்து, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இழுக்கிறது. சுண்டுவிரல் மரத்தும் போயிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நரம்பியல் அறுவை நிபுணரைப் பார்க்க ஒன்றரை மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை அசையாமல் படுத்திரு என்கிறார் அப்பா. கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, முதலில் அந்த மிதிக்கிற கதையை முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. ஏற்கெனவே பிதுங்கி நிற்கிற அதன் மேல் ஒரு ஆள் ஏறி நின்றால் நரம்புக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுளுக்கு எடுப்பது, நெட்டி முறிப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

அடுத்தது, எதற்கெல்லாம் அந்தத் தேதி வரை காத்திருக்கக் கூடாது என்பது. சிறுநீர் முட்டியும் போக முடியவில்லை, அல்லது போவதே தெரியவில்லை. மலம் அடக்க முடியவில்லை. சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப் போகிறது. இரண்டு காலும் தளர்கின்றன. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, நரம்பியல் அறுவைப் பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதுகின் அடியில் கொத்தாக இறங்குகிற நரம்புகள் மொத்தமாக நசுங்கும்போது வருகிற அறிகுறிகள் இவை. சிகிச்சை தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். அந்த இடத்து மரமரப்பைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

இவை இல்லையென்றால், தினமும் உங்கள் காலைச் சோதித்துக்கொள்ளுங்கள். எல்5-எஸ்1 என்பது முதுகெலும்பின் அடியில் இருக்கிற கடைசி டிஸ்க். அது பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டுவது எஸ்1 நரம்பு. குதிகாலைத் தூக்கி நிற்க வைப்பது அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலை எக்கி எக்கி இறக்குங்கள். பிறகு இடது காலில். வலதில் பத்து முறை முடிந்து இடதில் நாலோடு நின்றால் எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தாலோ, பாதம் தரையில் இழுபட்டாலோ, செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்தாலோ உடனே ஆஸ்பத்திரியில் சொல்லித் தேதியை முன்னால் நகர்த்தக் கேளுங்கள். வலி கூடியிருக்கிறது என்பதைவிடப் பலம் குறைந்திருக்கிறது என்றால் டாக்டர்கள் சீக்கிரம் பார்ப்பார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை நினைத்து ராத்திரியெல்லாம் விழித்திருக்காதீர்கள். 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. உங்கள் விஷயத்தில் படமும் கால் வலியும் ஒத்துப்போகின்றன, அதனால் டிஸ்க்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பிதுங்கியது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுவதில்லை. வெளியே வந்த சதையை உடம்பே அந்நியப் பொருளாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பெரிய பிதுக்கம்தான் நன்றாகக் கரைகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். நெதர்லாந்தில் கால் வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பகுதியினருக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். படுக்கை ஓரிரு நாளைக்குத்தான், அதற்கு மேல் படுத்தால் தசைதான் போகும். உங்களுக்கு எதிரி, குனிந்தபடி உட்காருவது. ஓவர்லாக் மெஷினில் பெடலில் கால், ஊசியில் கண் என்று நாள் முழுக்க முன்னால் வளைந்திருக்கிறீர்கள். டிஸ்க் மேல் அழுத்தம் ஏறுவது அந்த நிலையில்தான். கொஞ்ச நாளைக்கு செக்கிங் மேஜையில் நின்று செய்கிற வேலை தர முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். வீட்டில் கொஞ்ச நேரம் நட, கொஞ்ச நேரம் படு என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள். எழும்போது உடம்பை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். முக்குவது வலியைக் கிளப்பும், அதனால் கீரை, பழம், தண்ணீர். இந்தியன் டாய்லெட் என்றால் கடையில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கும், அதை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். குப்புறப் படுத்து, முடிந்தால் முழங்கையை ஊன்றி, இரண்டு நிமிடம் இருங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்லது, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மாறாக இன்னும் கீழே இறங்கினால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். 1956-இல் நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் தூக்கியிருந்த மேஜையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். எழுந்தபோது கால் வலி போயிருந்தது. பிசியோதெரபிஸ்ட்டுகளான நாங்கள் இன்றும் சொல்லித் தருகிற ஒரு முறையே அங்கிருந்துதான் கிளம்பியது.

மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மேலே தனியாக ஒரு பாராசிட்டமாலும் போடுகிறவர்கள் ஏராளம். அல்சர், கிட்னிப் பிரச்சினை, பி.பி. இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வேண்டாம். நரம்பு வலிக்கான பிரிகாபலின் கொடுத்திருந்தால் தலை சுற்றலாம், பைக் எடுக்காதீர்கள். அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

கடைசியாகப் பணம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா? அதற்கான ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று முக்கியம். அதைவிட ஒன்று: கட்டைத் தூக்கியது கம்பெனியில்தானே? அதைப் பணியிடக் காயமாகப் பதிய முடியுமா என்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் 90 சதவீதம், 78 நாள் நிபந்தனையும் கிடையாது. விபத்துப் பதிவேட்டில் அன்றைய தேதி ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என் கணவருக்கும் டிஸ்க் பிரச்சினைதான். கட்டாந்தரையில் படுத்தால்தான் முதுகு நிமிரும் என்கிறார் மாமியார். சரியா?
ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவசியமே இல்லை அம்மா. 2003-இல் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் நடந்த ஆய்வில், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையே நல்லது என்று தெரிந்தது. தரையில் படுப்பதைவிடத் தரையிலிருந்து எழுவதுதான் அவருக்குக் கஷ்டம். கட்டிலில் பஞ்சு மெத்தை குழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.