கொமர்ஸ் முடிச்ச பிள்ளை பிபிஏ (வணிக நிர்வாக டிகிரி) படிக்கலாமோ? முதல்ல அந்த ஒரு லட்சத்தைக் கட்டாதேங்கோ

கோப்பாயில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகள் ஏ எல்ல கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் எடுத்து 2ஏ ஒரு பி. கம்பஸுக்கு எடுபடத் தேவையான வெட்டுப்புள்ளி இன்னும் வரேல்ல. கனடாவில இருக்கிற மாமா "பிஸ்னஸ் படிச்சவை எல்லாம் வேலை கேட்டுக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசல்லதான் நிக்கினம், வேண்டாம்" எண்டுறாராம். ரவுணில ஒரு ஏஜென்ட் மூண்டு வருசத்தில வெளிநாட்டு பிபிஏ எண்டு சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஒரு லட்சம் கட்டினாத்தான் சீட் எண்டுறானாம். மிச்சத்துக்கு நகையை அடகு வைக்க யோசிக்கினம்.

தங்கச்சி, நகை பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். நான் இருபது வருசத்துக்கு மேல கணக்காய்வு வேலையில நிக்கிறன், வேலைக்கு வாற பிள்ளையளை நேரில இருந்து கேள்வி கேக்கிறவன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

அரசாங்க கம்பஸ்ல கிடைச்சா படிக்கட்டும், யோசிக்கத் தேவையில்ல. யாழ்ப்பாணக் கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியில கிடைச்சாலும் வவுனியாவில கிடைச்சாலும் ஜெயவர்த்தனபுரவில கிடைச்சாலும் நாலு வருசம் படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்ல. மாமா சொல்லுறதிலயும் ஒரு உண்மை இருக்கு, 2017ல பட்டதாரிமார் வேலை கேட்டுக் கச்சேரிக்கு முன்னால மாதக்கணக்காப் போராட்டம் இருந்தவைதான். ஆனா அது அரசாங்க நியமனத்தையே பாத்துக்கொண்டு இருந்ததால வந்த பிரச்சினை, படிச்ச பாடத்தால வந்தது இல்ல. பிபிஏ எண்ட வெறும் பேப்பரோட என்னட்ட வாற பிள்ளையும் பிபிஏயோட சீஏ (பட்டயக் கணக்காளர்) சோதினை ரெண்டு மூண்டு பாஸ் பண்ணிக்கொண்டு வாற பிள்ளையும் ஒண்டில்ல, ரெண்டாவது ஆளை நான் அண்டைக்கே எடுப்பன். சீஏக்கு டிகிரி வேணும் எண்டும் இல்ல, ஏ எல்லோடயே பதியலாம், மூண்டு வருசப் பயிற்சி மட்டும் கட்டாயம் செய்யவேணும். கம்பஸ்காரப் பிள்ளைக்கு சில பாடம் விலக்கும் கிடைக்கும்.

கஷ்டம் வாறது இங்கிலீசிலதான். பள்ளிக்கூடத்தில தமிழில ஐந்தொகை எண்டு படிச்சு, பேந்து அதுக்கும் நிதிநிலைமைக் கூற்று எண்டு பேர் மாத்திப் படிச்ச பிள்ளை, கம்பஸ் போய் எல்லாத்தையும் இங்கிலீசில எழுதவேணும். முதல் வருசம் கனபேர் அதிலதான் விழுகினம், கணக்கில இல்ல. வெட்டுப்புள்ளி வரும்வரைக்கும் வீட்டில சும்மா இருக்கிற மாதங்களில இங்கிலீசைப் பாக்கச்சொல்லுங்கோ. சும்மா இருக்கிற மாதம் எங்கட நாட்டில குறைவே? 2023ம் ஆண்டுச் சோதினையை 2024 ஜனவரியில வைச்ச நாடு இது. சோதினை, ரிசல்ட், வெட்டுப்புள்ளி, பிறகு கம்பஸ் துவங்கிற நாள் எண்டு பிள்ளையின்ர வயசைத் திண்டுபோட்டு ஒருத்தரும் ஒரு மன்னிப்பும் கேக்கிறேல்ல. இந்த இடைவெளிக்குள்ளதான் ஏஜென்ட் கடை போட்டுக்கொண்டு இருக்கிறான்.

இன்னொரு பொறி, இதை எத்தினை தரம் சொன்னாலும் கேக்காயினம். யூஜீசி (கம்பஸுக்குப் பிள்ளையளை எடுக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தைக் கொமினிகேசன் கடையில இருக்கிற பெடியனிட்டக் குடுத்து "நீயே போட்டுவிடு தம்பி" எண்டு வாறது. அவன் "உறுதியாக் கிடைக்கிறதை மேல போடுங்கோ அக்கா" எண்டுவான். பிழை. விருப்ப ஒழுங்கில மேல பெரிசாப் போட்டா கீழ இருக்கிறது தவறிப்போகாது, இசட் ஸ்கோர் (ஏ எல் மார்க்கை வைச்சு கம்பஸுக்குக் கணிக்கிற புள்ளி) காணாட்டி அடுத்ததுக்கு இறங்கும், அவ்வளவுதான். ஆனா மேல போட்டது கிடைச்சிட்டுதெண்டா கீழ இருக்கிற நல்லது உங்களுக்கு இல்ல. அதால பிள்ளைக்கு உண்மையா விருப்பமானது எதுவோ அதுதான் முதலாவது, பிறகு அடுத்தது. கம்பஸ் இடங்களை முழு நாட்டுத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம் எண்டு பிரிக்கிற கணக்கை எல்லாம் யூஜீசிக்காரர் பாப்பினம், நீங்கள் தலையை உடைக்காதேங்கோ.

இனி ஏஜென்ட். "யூஜீசி அங்கீகாரம்" எண்டு பதாகையில இருந்தா அது எந்த யூனிவர்சிட்டிக்கு எண்டு கேளுங்கோ. ரவுணில வகுப்பு நடத்திற இடம் ஒண்டு, டிகிரி குடுக்கிற இடம் வேற. சர்டிபிக்கட்டில பேர் வாற யூனிவர்சிட்டியைத்தான் யூஜீசியிட்ட விசாரிக்க வேணும், ஹோட்டல் ஹோல்ல கூல்ட்ரிங்ஸ் குடுத்து செமினார் வைச்சவனை இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் காணியை ஈடு வைச்சுக் கட்டினவன், ரெண்டு வருசம் முடியத்தான் தெரிஞ்சது தான் படிச்சது டிப்ளோமாவாம், டிகிரிக்கு இன்னும் கட்டவேணுமாம்.

காசு குடுத்துப் படிக்கிறது சரி எண்டு நான் சொல்லுறது ஒரே ஒரு ஆளுக்குத்தான். ஏற்கனவே பேங்கிலயோ லீசிங் கொம்பனியிலயோ ஒரு வேலை இருக்கு, புரமோசனுக்கு டிகிரி கேக்கினம், சம்பளத்தில இருந்தே கட்டலாம், வேலை செய்யிற இடமே இந்த டிகிரியை ஏத்துக்கொள்ளுவம் எண்டு எழுத்தில தந்திருக்கு. இந்த நாலும் சேர்ந்து இருக்கவேணும். மூண்டு இருந்து ஒண்டு இல்லையெண்டாலும் வேண்டாம். சம்பளம் இருக்கு ஆனா கடிதம் இல்லையோ, முதல்ல கடிதத்தை வாங்குங்கோ. கடிதம் இருக்கு ஆனா கட்ட லோன் எடுக்கவேணுமோ, அப்ப ஓபின் யூனிவர்சிட்டியைப் பாருங்கோ, கொக்குவிலிலயே நிலையம் இருக்கு, மனேஜ்மென்ட் டிகிரி இருக்கு, வேலை செய்துகொண்டே படிக்கிறவைக்கு எண்டே வைச்ச இடம். உங்கட மகள் வேலைக்கே போகேல்ல, இந்தக் கதை அவவுக்கு இல்ல.

கம்பஸ் கிடைக்காட்டி? ஏ எல் மூண்டு தரம் எடுக்கலாம், மகள் முதல் தரம்தானே. 2ஏ பி எடுத்த பிள்ளைக்கு இன்னொரு தரம் எடுக்கிறது ஒரு குறையில்ல, சீஏயும் பக்கத்தில துவங்கலாம்.

ஏஜென்டுக்கு நாளைக்கு ஒரு கோல் எடுங்கோ. சர்டிபிக்கட்டில எந்த யூனிவர்சிட்டியின்ர பேர் வரும், மூண்டு வருசத்துக்கும் மொத்தம் எவ்வளவு, இடையில விட்டா எவ்வளவு திரும்பத் தருவியள், இந்த மூண்டையும் எழுத்தில அனுப்பச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் அந்தக் கடிதம் வராது.