ஆட்டுத்தோல்

அன்புள்ள ஐயா,

ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு மூவரையும் விசுவாச வீரர்கள் என்கிறார்கள். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை எடுத்துப் படித்தால், யாக்கோபு பசியோடு வந்த அண்ணனிடம் கூழுக்கு விலை பேசுகிறார், கண் தெரியாத அப்பா ஈசாக்கை ஏமாற்றுகிறார். ஆசீர்வாதமும் அவருக்கே! விசுவாசம் இருந்தால் குணம் எப்படியும் இருக்கலாமா?

ஜே.

அன்புள்ள ஜே.,

கோபம் நியாயம்தான். எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் ஆட்டுத்தோல் வரும் இடத்தில் மட்டும் கதையை வேகமாக ஓட்டிவிடுவார்.

ஆனால் கதை அந்தத் தோலை மறக்கவில்லை. அம்மா ரெபெக்காள், உடம்பெல்லாம் ரோமமாக இருக்கும் அண்ணன் ஏசா போலத் தெரியட்டும் என்று, அவனுடைய உடுப்பை யாக்கோபுக்குப் போட்டு, வெள்ளாட்டுக் குட்டித் தோலை அவர் கைகளிலும் கழுத்திலும் சுற்றிவிடுகிறாள். ஈசாக்கு தடவிப் பார்த்துவிட்டு, குரல் யாக்கோபுடையது, கை ஏசாவுடையது என்று குழம்புகிறார். பல வருஷம் கழித்து, யாக்கோபின் பிள்ளைகள் ஒரு வெள்ளாட்டுக் கடாவை அடித்து, தம்பி யோசேப்பின் அங்கியை அந்த ரத்தத்தில் தோய்த்து, "இது உங்கள் மகனுடையதா, பாருங்கள்" என்று அப்பாவிடமே காட்டுகிறார்கள். அவர் நம்பிவிடுகிறார். மறுபடியும் ஓர் ஆடு, மறுபடியும் ஓர் உடுப்பு. ஆதியாகமம் அதைச் சுட்டிக்காட்டக்கூட இல்லை.

நடுவில் தாய்மாமன் லாபான் வேறு. கல்யாண ராத்திரி இருட்டில் இளைய மகள் ராகேலுக்குப் பதில் மூத்தவள் லேயாளை அனுப்பிவிட்டு, காலையில் சாவகாசமாகச் சொல்கிறான்: மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. மூத்தவனைத் தள்ளிவிட்டு வந்த தம்பியிடமா இதைச் சொல்வது! அந்த வீட்டில் அவர் உழைத்தது மொத்தம் 20 வருஷம்.

சரி, விசுவாசம் எங்கே? எனக்கு அது யாப்போக்கு ஆற்றங்கரையில்தான் தெரிகிறது. யாக்கோபு ஊர் திரும்பும் வழியில் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான். இவர் பயந்து, மந்தை மந்தையாக வெகுமதிகளை முன்னே அனுப்பிவிட்டுத் தனியாக நிற்கிறார். விடியும்வரை ஒருவர் அவரோடு மல்லுக்கட்டுகிறார். ஆசீர்வதித்தால்தான் விடுவேன் என்று இவர் பிடித்துக்கொள்ள, "உன் பேர் என்ன?" என்று கேள்வி வருகிறது. அன்று அப்பா "நீ யார்?" என்றபோது ஏசா என்று சொன்ன வாய் இது. இந்த முறை "யாக்கோபு" என்கிறது. ஏமாற்றுகிறவன் என்றும் பொருள்படும் அந்தப் பேரைச் சொல்லித்தானே, பொருத்தமாகத்தான் வைத்தார்கள், இரண்டு தரம் ஏமாற்றிவிட்டான் என்று ஏசா அழுதான்? தன் பேரைச் சொல்வதே அங்கே பாவ அறிக்கை என்றுதான் நான் வாசிக்கிறேன். இஸ்ரவேல் என்ற பேர் அதற்கு அப்புறம்தான் கிடைக்கிறது, கூடவே தொடைச் சுளுக்கும்.

அதற்காக ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறான், வா சேர்ந்து போகலாம் என்கிறான். பிள்ளைகள் சின்னவர்கள், ஆடுமாடுகள் குட்டியோடு இருக்கின்றன, நீங்கள் முன்னே போங்கள், நான் மெல்ல உங்கள் ஊரான சேயீருக்கு வந்து சேர்கிறேன் என்கிறார் யாக்கோபு. ஏசா நம்பிக் கிளம்புகிறான். இவர் நொண்டிக்கொண்டே சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறார்.