மனமுவந்து ஏற்ற பணி சுமையாகும்போது

அன்புள்ள ஆலோசகருக்கு,

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் நான் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். எங்கள் சபையின் சார்பில் முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்று உதவுவதை விருப்பத்தோடுதான் தொடங்கினேன். வாரத்தில் ஒரு மாலையாக இருந்தது, கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டதால், பெரும்பாலான மாலைகளும் ஞாயிறு பிற்பகலும் என்றாகிவிட்டது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளோடு உட்காரவே நேரமில்லை. அங்குள்ள அம்மா ஒருவருக்குத் தலைவாரிப் பின்னிவிடும்போதும் என் கண் சுவர்க்கடிகாரத்திலேயே நிற்கிறது. இல்லத்திலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு படபடக்கிறது. அண்மையில் எங்கள் போதகர், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் தென்னிந்தியாவில் 55 ஆண்டுகள் ஊழியம் செய்ததைச் சொல்லி, நம்மால் ஏன் முடியாது என்று கேட்டார். மற்றவர்கள் உற்சாகமடைந்தார்கள், எனக்குக் குற்றவுணர்வுதான் மிஞ்சியது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பவை விசுவாசக் குறைவின் அடையாளங்கள் அல்ல. ஓய்வின்றியும் பகிர்ந்துகொள்ள ஆளின்றியும் பிறரைப் பராமரிப்பவர்களுக்கு வரும் உளச்சோர்வின் அடையாளங்கள். அன்பு வற்றியதால் கண் கடிகாரத்துக்குப் போவதில்லை, உடம்பும் மனமும் களைத்திருப்பதால் போகிறது.

போதகர் சொன்ன 55 ஆண்டுகள் உண்மையே. ஆனால், அந்த வாழ்க்கையின் இரு முனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1893 இல் யப்பானுக்கு ஊழியத்துக்குச் சென்ற எமி அம்மையார், உடல்நலம் குன்றியதால் ஏறத்தாழ 15 மாதங்களில் அங்கிருந்து வெளியேறி, இலங்கையிலும் சிறிது காலம் தங்கிவிட்டுத் தாயகம் திரும்பினார். இந்தியாவுக்கு வந்தது 1895 இல்தான். 1931 இல் விழுந்து காயமடைந்தபின், 1951 இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிக்கொண்டிருக்க, தென்னிந்தியாவின் டோனாவூரில் அவர் நிறுவிய இல்லத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் உணவூட்டியதும் வேறு கைகள். பிரசங்கங்களில் இந்தப் பகுதி ஏனோ சுருங்கிவிடுகிறது.

நமக்கு இன்னும் அருகில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் இருக்கிறார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், பத்தாண்டு உழைப்பில் உடல் நலிந்து அமெரிக்கா சென்று, 1862 இல் மீண்டும் வந்தார். நோயாளர் அனைவரையும் தாமே பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே கற்பித்து, 60 க்கும் மேற்பட்ட உள்ளூர் மருத்துவர்களை உருவாக்கினார். விடாமுயற்சி என்று நான் மதிப்பது இடையில் போய் இளைப்பாறி வந்ததையும் உள்ளடக்கியதுதான். உங்கள் சபையில் யாரும் இதைத் துரோகம் என்று சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன்.

‘முடியாது’ என்று சொல்ல இடமில்லாத இடத்தில் ‘சரி’ என்பது மனமுவந்த சொல்லாக இருக்காது. ஆகையால் வாரத்தில் எந்த இரண்டு மாலைகள் உங்களால் மகிழ்வோடு போக முடியும் என்பதை நீங்களே தீர்மானித்து, அதைப் போதகரிடம் நேரில் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். நீண்ட விளக்கமும் வேண்டாம். எஞ்சிய நாட்களுக்கு வாலிபர்களில் இருவரை உங்களோடு அழைத்துச் சென்று, யாருக்குக் கஞ்சி ஆறியிருக்க வேண்டும், யாருக்கு எந்தக் காது கேட்கும் என்பதைப் பழக்குங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த இந்தச் சிறு விஷயங்கள்தான் இப்போது உங்களை அங்கே கட்டிப்போட்டிருக்கின்றன. மகளின் பரீட்சை முடியும்வரை ஞாயிறு பிற்பகலை வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குப் பின்னும் தூக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற அழுகை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கதைக்கலாம்.