எக்செல் கூட்டலில் தொலையும் பைசா: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பில்லில் மூன்று லைன். ஒவ்வொன்றிலும் சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி வரி) 3.02. அடியில் மொத்தம் 9.07 என்று வருகிறது. கஸ்டமர் கால்குலேட்டரில் தட்டி 9.06 என்கிறார். எக்செலுக்குக் கூட்டத் தெரியாதா?

பதில்: தெரியும். கண்ணுக்குத் தெரியும் எண்ணை அது கூட்டாது, செல்லுக்குள் கிடப்பதைத்தான் கூட்டும். ஒரு லைனில் சரக்கு 33.60 ரூபாய் என்றால், அதற்கு 9 சதவீதம் 3.024. இரண்டு டெசிமல் மட்டும் காட்டச் சொன்னதால் 3.02 என்று தெரிகிறது. மிச்சம் உள்ளேயே இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் 9.072. வரி கணக்கிடும் ஃபார்முலாவையே ரவுண்ட் (ROUND) ஃபங்ஷனுக்குள் போட்டு, முடிவில் கமா 2 கொடுங்கள். 9.06 வரும்.

ஒரு எச்சரிக்கை. ஆப்ஷன்ஸில் ‘செட் பிரெசிஷன் ஆஸ் டிஸ்ப்ளேட்’ என்று ஒரு டிக் இருக்கும். தொடாதீர்கள். டைப் செய்த எண்களையே அது வெட்டிவிடும். பிறகு டிக்கை எடுத்தாலும் போனது போனதுதான்.

கேள்வி: 1000 ரூபாயை மூன்று பங்காக்கினால் 999.99தான் வருகிறது.

பதில்: இரண்டு பேருக்கு 333.33. மூன்றாமவருக்கு வகுக்காதீர்கள், 1000-இலிருந்து கழியுங்கள். அந்தக் கூடுதல் பைசா யாருக்கு என்பது உங்கள் பாடு.

கேள்வி: டெசிமலைக் குறைத்துவிட்டேன், மொத்தம் ஒட்டவில்லை.

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். லைனுக்கு லைன் ரவுண்ட் செய்வது தப்பு சார். 400 லைன் பில்லில் பிழை குவியாதா?

பதில்: குவியும், ஒப்புக்கொள்கிறேன். அதே 33.60 ரூபாய்ச் சரக்கு 400 லைன் வந்தால் 1.60 ரூபாய் குறையும். வெவ்வேறு விலை என்றால் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் அச்சான லைன்களைக் கூட்டினால் அடியில் உள்ள எண் வரவேண்டுமா, இல்லையா? கடைசியில் ஒரே தடவை ரவுண்ட் செய்வதாக இருந்தால், லைனுக்கு லைன் சிஜிஎஸ்டியைக் காட்டாதீர்கள். விலையை மட்டும் காட்டி, அடியில் மொத்தமாக வரி போடுங்கள். இரண்டு முறையையும் ஒரே பில்லில் கலப்பதுதான் வம்பு.

கேள்வி (அவரே): சிஜிஎஸ்டி சட்டம் 170-ஆம் பிரிவு என்ன சொல்கிறது?

பதில்: 2017 சட்டத்தின் அந்தப் பிரிவு செலுத்த வேண்டிய வரி, வட்டி, அபராதம் போன்றவற்றை முழு ரூபாயாக்கச் சொல்கிறது. 50 பைசாவும் மேலும் இருந்தால் ஏற்று, குறைந்தால் விடு. நான் பேசுவது அச்சான பைசா ஒட்டுவதைப் பற்றி.

கேள்வி: 2.5-ஐ ரவுண்ட் செய்தால் மேக்ரோவில் (எக்செலுக்குள் நாமே எழுதும் சின்ன புரோகிராம்) 2 ஆகிறது, ஷீட்டில் 3 ஆகிறது.

பதில்: மேக்ரோவின் ரவுண்ட் சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் சாயும். ஒர்க்‌ஷீட் ரவுண்டையே மேக்ரோவிலிருந்து கூப்பிடுங்கள்.

கேள்வி: அந்த டிக்கைப் போட்டேன், எல்லாம் ஒட்டிவிட்டது. நன்றி அண்ணே!

பதில்: ஐயோ. சேவ் செய்தாயிற்றா? நேற்றைய ஃபைலின் காப்பி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.